உறைந்தால் அசல் எண்ணெயா?

மார்கழி விடியலில் கீழப்பாவூரில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால், சில நாள்களில் ஒரு துளியும் விழாது. 'உறைந்துவிட்டது, கலப்படம் இல்லை' என்று மனநிறைவு கொள்வோர் பலர். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதற்குக் கீழே குளிர்ந்ததும் அலைந்து திரிந்த மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முற்படுகின்றன. ஆனால், அந்த அடுக்கு தொடங்க ஒரு விதைப் படிகம் வேண்டும். அது தோன்றாதவரை எண்ணெய் நீர்மமாகவே நிற்கும். அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒன்றில் உறைந்தும் மற்றொன்றில் உறையாமலும் இருக்க இதுவே காரணமாகலாம். கடைக்காரரைக் குறை கூற வேண்டியதில்லை.

மேலும், நீருக்கு 0 டிகிரி என்பதுபோல எண்ணெய்க்கு ஒரே உறைநிலை கிடையாது. அது பல கொழுப்புகளின் கலவை. முதலில் கலங்கும், பின்னர் அடியில் வெண்மையாகப் படியும். (பனிக்கட்டி மிதக்கும், எண்ணெயோ உறையும்போது சுருங்கி, அடர்த்தி கூடி, மூழ்கும்.) வெயிலில் வைத்த புட்டி உடனே இளகாததற்கும் காரணம் உண்டு. புகும் வெப்பத்தில் பெரும்பகுதி வெப்பநிலையை உயர்த்தாமல், மூலக்கூறுகளின் ஒழுங்கைக் கலைப்பதிலேயே செலவாகிறது. 1 கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு மட்டுமே சுமார் 80 கலோரி தேவை.

கடலை எண்ணெய் கணிசமாகக் கலந்திருந்தால், குளிர்பதனப் பெட்டியில் அது உறையாமல் பிரிந்து நிற்கக்கூடும். எண்ணெய்ப்பனையின் விதைப்பருப்பு எண்ணெய் கலந்திருந்தால்? தேங்காய் எண்ணெயைப் போலவே அதிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதுவும் வெண்மையாக உறைந்துவிடும். வேறுபாட்டை ஆய்வகமே காட்டும்: அயோடின் எண் தேங்காய் எண்ணெயில் சுமார் 7 முதல் 11 வரை, மற்றதில் 14 முதல் 21 வரை.