புளியமரத்துப் புள்ளி ஆந்தை

காவிரி டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் குளக்கரையிலோ கோயில் வாசலிலோ வயதான ஒரு புளியோ இலுப்பையோ அரசோ நிற்கும். அதில் பொந்து இருந்தால் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை அங்கே குடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 21 சென்டிமீட்டர் நீளம்தான். மைனாவைவிடக் குட்டை, ஆனால் பருமன். சாம்பல் படிந்த பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண்கள், மேலே வெள்ளைப் புருவம். ஆந்தையைப் பார்க்க நடுநிசியில் காட்டுக்குள் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த ஆந்தையைப் பார்க்க அது தேவையே இல்லை. மார்கழிக் காலையில் வெயில் ஏறும்போது பொந்து வாயில் உட்கார்ந்து அது குளிர்காயும். சாயங்காலம் வீடுகளில் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு முன்பே மின்கம்பிக்கு வந்துவிடும்.

தேடுவதற்குக் கண்ணைவிடக் காதுதான் உதவும். பட்டப்பகலில் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் அணிலும் சேர்ந்து ஒரே கிளையைச் சுற்றிக் கத்தினால், அங்கே பாம்போ ஆந்தையோ இருக்கிறது. அடுத்தது மரத்தடி. பட்டையில் வெள்ளை எச்சம் வழிந்திருக்கும். கீழே விரல்நுனி அளவு சாம்பல்நிற உருண்டைகள் கிடக்கும். விழுங்கிய இரையில் செரிக்காத எலும்பு, ரோமம், வண்டின் ஓடு ஆகியவற்றைத் திரட்டி ஆந்தை வாய்வழியாகக் கக்குவதுதான் அந்த உருண்டை. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் சுண்டெலியின் தாடை பல்லோடு வெளிவரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விலங்கியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் ஆய்வாளர்கள், காவிரி டெல்டாவின் ஆந்தைகள் என்ன தின்கின்றன என்பதை இந்த உருண்டைகளைக் கொண்டுதான் ஆராய்ந்தார்கள். கோயில் கோபுரங்களில் தங்கும் வெண்ணிறக் கூகையின் உணவில் பெரும்பங்கு வயல் எலி. புள்ளி ஆந்தைக்கு அவ்வளவு பெரிய எலியைத் தூக்கும் உடம்பு இல்லை. வண்டு, வெட்டுக்கிளி, சுண்டெலி, பல்லி என்று சின்ன இரையில் அது தன் வேலையைப் பார்க்கிறது.

வரப்பைக் குடைந்து, கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்துவைக்கும் எலியோடு தஞ்சை உழவர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் எலிக்கிட்டி இந்த மண்ணின் கண்டுபிடிப்பு. அதோடு, தென்னைமட்டையையோ பனைமட்டையையோ தலைகீழாக நடுவயலில் நட்டுவைப்பதும் உண்டு. பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். கருக்கலில் ஆந்தை வந்து உட்காரும். செலவே இல்லாத இந்த ஏற்பாட்டை வேளாண்மைத் துறையும் பரிந்துரைக்கிறது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குப் பெட்டிக்கூடு வைத்துக் குடியமர்த்தியதும் இதே நோக்கத்தில்தான். எலிமருந்து இதற்கு நேர் எதிரி. புரோமாடையலோன் என்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தடுமாறித் திரியும். தடுமாறுகிற எலிதான் ஆந்தையிடம் எளிதில் சிக்குகிறது. அதோடு மருந்தும் ஆந்தையின் உடம்புக்குள் போகிறது.

ஆந்தையைப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு வயலில் நட்ட அந்த மட்டைதான் முதல் இடம். 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். முக்காலிக்குப் பதிலாக உமி அடைத்த துணிப்பையைப் பைக் சீட்டிலோ களத்துச் சுவரிலோ வைத்து அதன்மேல் கேமராவைச் சாய்த்துக்கொள்ளலாம். நடந்து நெருங்கும் ஆளைவிட நின்றுகொண்டிருக்கும் வண்டியை ஆந்தை அதிகம் பொறுத்துக்கொள்கிறது. அது தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களையே உற்றுப் பார்த்தால், நீங்கள் வேண்டிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்படியே நின்றுவிடுங்கள், பின்வாங்கினால் இன்னும் நல்லது. ஃப்ளாஷ் வேண்டாம். செல்போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது அறவே வேண்டாம். எல்லைக்குள் வேறு ஆந்தை நுழைந்துவிட்டது என்று அது இரைதேடலை விட்டுவிட்டு அலையும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை முட்டையும் குஞ்சுமாக இருக்கும் காலம். அப்போது பொந்துக்கு எதிரே கேமராவோடு காத்துக் கிடந்தால் தாய் உள்ளே போகத் தயங்கும். கூட்டின் இடத்தைச் சமூக வலைதளத்தில் போடுவதும் கூடாது. 'த ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கைப் பத்தி எழுதிய மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். வண்ணம் இல்லாமலேயே அவர் படங்களில் விலங்குகள் உயிரோடு நிற்கின்றன. சாம்பலும் வெள்ளையுமான புள்ளி ஆந்தையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள் என்று இளைஞர்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கூட்டின் இடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்பதைப் பற்றி, வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2010-இல் அறிக்கையே வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். நம் பக்கத்தில் விற்பதைவிடக் கல்லெறிவது அதிகம். ஆந்தையைச் சாக்குருவி என்று சொல்லி, அது அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று விரட்டுகிறார்கள். நற்றிணையின் 83-ஆம் பாட்டில் பெருந்தேவனார் காட்டும் தோழி அப்படி விரட்டவில்லை. ஊர்த் துறையின் பழைய மரத்தில் வாழும் கூகையிடம், நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம், தலைவனை எதிர்பார்த்திருக்கும் இரவில் மட்டும் குரல் எழுப்பாதே என்று கேட்டுக்கொள்கிறாள். அதற்கு எலி பிடிக்கும் என்பதும், அது எந்த மரத்தில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மரம்தான் இப்போது பெரிய கவலை. புள்ளி ஆந்தைக்குத் தானாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போனதையோ, கிளை முறிந்து உளுத்த குழியையோதான் நம்பியிருக்கிறது. அதற்கும் மைனாவோடும் கிளியோடும் போட்டி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. தென்னையை மறுபடி நட்டார்கள். ஆனால் இளம் மரத்தில் பொந்து விழப் பல்லாண்டு ஆகும். சாலையை அகலப்படுத்தும்போதும் முதலில் விழுவது ஓரத்துப் புளியமரங்களே. பட்டுப்போன தென்னை யார் தலையிலும் விழாத இடத்தில் நின்றால், அதைச் சில வருடம் வெட்டாமல் விட்டுவைக்கலாம்.

2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் தை பிறக்கும் நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுக் கொல்லையிலோ குளக்கரையிலோ கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்டு தளத்தில் பதிவு செய்தால் போதும். காலையில் எண்ணுகிறவர்கள்தான் அதிகம். ஆந்தையும் கணக்கில் சேர வேண்டுமானால் மாலை ஐந்தரைக்கு ஒருமுறை போய்ப் புளியமரத்தடியில் நில்லுங்கள்.