தொலைபேசி வழியே மனநல ஆலோசனை

உடலில் காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளத்தில் நோய் கண்டால் மட்டும் வாய் திறக்க அஞ்சுகிறோம். ஊரார் அறிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே என்ற கவலை ஒருபுறம். கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ பேருந்து ஏறினால் ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை மறுபுறம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியதையும், 2011 டிசம்பரில் 'தானே' புயல் வீசியதையும், 2015இல் வெள்ளம் வயல்களை மூழ்கடித்ததையும் நம் மாவட்டத்தார் மறந்திலர். இடிந்த வீட்டை மீண்டும் கட்டலாம். உள்ளத்துக் காயம் அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை.

இத்தகையோருக்கு உதவ, 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்னும் சேவை நாடெங்கும் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவை ஏற்படின் மனநல மருத்துவரின் உதவிக்கு வழி செய்வார்.

ஆலோசகர்களின் ஐயங்கள்

முகம் பார்த்துப் பேசிப் பழகிய ஆலோசகர் பலர் இம்முறையைத் தொடக்கத்தில் தயக்கத்துடனேயே நோக்கினர். அத்தயக்கம் காரணமற்றதன்று. எதிரில் அமர்ந்தவரின் கலங்கிய கண்ணும் நடுங்கும் கையும் சொல்வதைத் தொலைபேசி சொல்லாது. ஒருவர் பேச்சை நிறுத்தினால், அழுகிறாரா, இணைப்பு அறுந்ததா என்று அறிவது கடினம். உயிருக்கு ஆபத்தான வேளையில் அவர் எங்கிருக்கிறார் என்பதே தெரியாமற் போகலாம்.

இவற்றினும் பெரிது இரகசியம். வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் கணவர் கையில். அவர் குடியால் துயருறும் மனைவி, அவர் அருகிருக்கையில் எதைச் சொல்ல இயலும்? ஆகவேதான் "இப்போது தனியாக இருக்கிறீர்களா?" என்று முதலிலேயே கேட்டு, இல்லையெனில் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் விடை வரும்படி வினவுவது நல்ல வழக்கமாகக் கொள்ளப்படுகிறது.

அனுபவம் காட்டும் உண்மை

சென்னையிலுள்ள 'ஸ்கார்ஃப்' நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி அதனுள் அமர்ந்து, சென்னையிலிருக்கும் மருத்துவருடன் காணொளியில் பேசினார். மருந்தும் அங்கேயே கிடைத்தது. 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கு அரசு நெறிமுறை வகுத்தது. அவ்வாண்டுப் பெருந்தொற்றின்போது வேறு வழியின்றி இக்கருவிகளைக் கையாண்ட ஆலோசகர் பலரின் தயக்கம் குறைந்தது. முகம் தெரியாததாலேயே மனம் திறந்து பேசுவோரும் உண்டு என்பதை அவர்கள் கண்டனர்.

எனினும், ஏர் வந்ததென்று மண்வெட்டியை எறிந்துவிடுவதில்லை. கடும் நோயுற்றோரையும் உயிராபத்தில் இருப்போரையும் நேரில் மருத்துவரிடம் சேர்ப்பதே முறை. மாவட்ட மனநலத் திட்டம் அதற்காகவே உள்ளது.

நாம் செய்ய வேண்டியவை

கருவியை அரசு தரலாம். அச்சமின்றிப் பேசும் இடத்தை ஊர்தான் தரவேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் 14416 என்ற எண்ணை எழுதி வைப்போம். ஊராட்சிக் கட்டடத்தில் கதவுள்ள ஓர் அறையை, கேட்போருக்குக் காரணம் வினவாமல் திறந்துவிடுவோம். கைப்பேசி இல்லாத பெண்ணுக்கு மகளிர் குழுவினர் தங்களுடையதைக் கொடுத்து, அரைமணி நேரம் அப்பால் சென்று அமரலாம். பேசியவர் யாரென்று வெளியே சொல்லாதிருப்பதும் ஊர்ப்பணியே.

சாலையும் விளக்கும் போலவே மன அமைதியும் கிராம முன்னேற்றத்தின் ஓர் அங்கம். துயரில் ஒருவர் நம் வாசலில் வந்து நிற்கும்போது, அறிவுரை கூறுமுன் அவர் பேச்சைக் கேட்கக் கற்போமாக.