எண்ணெயும் குளிரும்

ஆர்வலர்கள் தம் கையாலேயே கட்டிய சிறு விமானங்களுள் லான்ஸேர் 360 ஒன்று. மேலே கிளம்பியதும் அதன் சக்கரங்கள் உள்ளே மடங்கும். மடங்கியவற்றைப் பிடித்து நிறுத்தக் கொக்கி கிடையாது. குழாயில் அடைபட்ட எண்ணெயின் அமுக்கமே தாங்குகிறது. அமுக்கம் குறைந்தால் மின்பம்பு தானே ஓடும், ஈடானதும் நிற்கும்.

பறக்கையில் பம்பு அடிக்கடி ஓடினால், எண்ணெய் கசிகிறது என்றே நானும் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டபோதுதான் மற்றொரு காரணம் புலப்பட்டது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். குளிர்ந்த எண்ணெய் சுருங்கும். அது எளிதில் அமுங்காத பொருளாதலால், விறைப்பான குழாயில் எண்ணெய் ஒரு டிகிரி குளிர்ந்தாலே சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் அமுக்கம் விழுந்துவிடும்!

இதற்கு மருந்து சேமக்கலம். அதனுள் ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய்; நடுவே ஒரு தடுப்பு. எண்ணெய் சுருங்கினால் வாயு விரிந்து அந்த இடத்தை நிரப்பும். அமுக்கம் மெல்லவே இறங்கும். வெயிலில் எண்ணெய் விரிந்தாலும் அதே வாயு சற்று விட்டுக்கொடுக்கும்.

ஆனால், ஒரே உயரத்தில் நெடுநேரம் பறந்த பின்னும் பம்பு ஓயாவிட்டால் ஐயமின்றிக் கசிவைத் தேட வேண்டும். ஓயாது ஓடும் மோட்டார் கருகிவிடும். அப்போதும் வழியுண்டு: வேகத்தைக் குறைத்து, அமுக்கத்தை விடுவிக்கும் வால்வைத் திறந்தால் சக்கரங்கள் இறங்கும். நண்பர்களே, அந்த வால்வைத் தரையில், விமானத்தைத் தாங்கிகள்மேல் நிறுத்திச் சோதித்துப் பாராதவர் வானில் அதை நம்புவது எப்படி?