காத்திருப்பின் வட்டம்

பாடசாலை மண்டபமொன்றின் வேலைத்திட்டத்தைக் கணினியிற் பதியப் புகுந்தபோது நேர்ந்ததைச் சொல்கின்றேன். வரைபட அனுமதிக்கு நிதி ஒதுக்கீடு வேண்டும்; ஒதுக்கீட்டுக்கு மதிப்பீடு வேண்டும்; மதிப்பீட்டுக்கோ அனுமதி பெற்ற வரைபடம் வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்க, கணினி தொடக்க நாளையே கணிக்க மறுத்தது. அதனைக் குறைகூறுதல் தகாது. மூன்றாண்டுகளாக எங்கள் கடிதங்கள் சுற்றியதும் அதே வட்டத்திலேதான்.

பணிகளின் வலையை வரிசைப்படுத்தும் வழியொன்றை ஆதர் கான் என்பவர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்டார். எதற்கும் காத்திராத பணியை முதலில் நீக்குக. அதனால் விடுபடும் பணிகளை அடுத்து நீக்குக. நீக்கத்தக்கது எதுவுமின்றியும் பணிகள் எஞ்சுமாயின் உள்ளே வட்டமுண்டு. ஆயினும் எஞ்சியவை யாவும் குற்றவாளிகளல்ல. வட்டம் அவிழும்வரை வாளாவிருக்கும் கூரைவேலையும் அவற்றுள் இருக்கும். ஆகவே, எஞ்சிய ஒரு பணியைப் பற்றிக்கொண்டு, எஞ்சியவற்றுள் எதற்காக அது காத்திருக்கின்றதெனப் பின்னோக்கிச் செல்லல்வேண்டும். முன்பு கண்ட பணியே மீண்டும் எதிர்ப்படுமிடத்தில் வட்டம் அகப்படும்.

திருத்துவதோ மனிதர் வேலை. ஏதேனுமோர் இணைப்பை அழித்தாற் கணினி அமைதியுறும். மெய்யான தேவையை அழித்துவிட்டால் அட்டவணை பொய்யாகும். நாங்கள் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தோம்: முதல் வரைபடத்தைக்கொண்டு உத்தேச மதிப்பீடு, அனுமதியின் பின் விரிவான மதிப்பீடு. ஒதுக்கீட்டுக்கு முன்னதே போதுமெனக் கந்தோரார் ஒப்புக்கொண்டனர். அன்று மாலை கணினி ஒரு தொடக்க நாளைக் காட்டியது.