அறுகோணியும் பெண்களின் காலமும்: ஒட்டுத்துணிப் போர்வை பற்றிய ஒரு நோக்கு

கைவினைகளை ஆராய்வோர் அவற்றின் மூலப்பொருளையும் கருவியையும் நோக்கும் அளவுக்கு, அவற்றிற்குச் செலவான காலத்தை நோக்குவதில்லை. இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் தைத்துவந்துள்ள அறுகோணி ஒட்டுத்துணிப் போர்வை இக்குறையை நன்கு உணர்த்துவதாகும். சிலரது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் இவ்வேலையின் உத்தி, அதனைச் செய்தோருக்கு வாய்த்த காலத்தின் தன்மையோடு இசைந்திருந்தது. அதன் நிலைபேற்றுக்கு இதுவே முக்கிய காரணம் எனலாம்.

முதலில் உத்தியை நோக்குவோம். தடித்த கடதாசியில் அறுகோணிகள் அளவு பிசகாது வெட்டப்படும். ஒவ்வொன்றின்மீதும் சற்றுப் பெரிதாக வெட்டிய துணியை வைத்து, ஓரங்களைப் பின்புறம் மடித்துத் தற்காலிகத் தையலிடுவர். இவ்வாறு ஆயத்தமான துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, மடிப்போரத்தில் நெருக்கமான சிறு தையல்களால் இணைப்பர். ஒரு துண்டைச் சூழ ஏனையவை இணைந்தபின் அதன் கடதாசி அகற்றப்படும். நடுவே ஒன்று, சுற்றிலும் ஆறு என ஏழு துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ உருவாகும். அடுத்த வட்டத்துக்குப் பன்னிரண்டு வேண்டும். 1920களிலும் 1930களிலும் ஐக்கிய அமெரிக்காவில் பரவலாகத் தைக்கப்பட்ட 'பாட்டியின் பூந்தோட்டம்' என்னும் கோலம் இவ்வகையினதே.

ஓரங்குலப் பக்கமுடைய அறுகோணிகளால் 90 அங்குலச் சதுரப் போர்வையொன்றை நிரப்ப ஏறத்தாழ 3,100 துண்டுகள் தேவை. அவற்றை இணைக்கும் தையலின் நீளம் ஏறத்தாழ 235 மீற்றர். நாளொன்றுக்கு ஐந்து துண்டுகள் வீதம் தைப்பவருக்கு மேற்பாகம் மட்டும் முடிய இருபது மாதங்களாகும்.

இத்தகைய நீண்ட உழைப்பு எவ்வாறு சாத்தியமாயிற்று? சமையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளர் பராமரிப்பு ஆகியவற்றால் துண்டாடப்பட்ட நாளில் பெண்ணுக்கு எஞ்சியவை சிறு இடைவெளிகளே. உள்ளங்கையில் அடங்கும் அறுகோணியை எவ்விடத்திலும் எடுத்துத் தைக்கலாம், எக்கணத்திலும் நிறுத்தலாம். மேலும், மூலைதோறும் திசைமாறும் அதன் தையலுக்கு, நீண்ட நேர்த்தையலில் வல்ல இயந்திரம் பொருந்துவதன்று. தையலியந்திரம் வீடுகளிற் புகுந்த பின்னரும் இக்கைவேலை நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஒட்டுத்துணி வறுமையின் சிக்கனத்திற் பிறந்தது என்ற பொதுக் கருத்து மறுபரிசீலனைக்குரியது. காலம் பொறிக்கப்பட்ட பிரித்தானிய ஒட்டுத்துணி விரிப்புகளுள் மிகப் பழையதாக அறியப்படும் 1718ஆம் ஆண்டு விரிப்பு, வேறு வடிவங்களைக் கொண்டதாயினும், இதே கடதாசி முறையால் பட்டில் தைக்கப்பட்டது. அது வசதிபடைத்தோர் வீட்டுப் பொருள். அமெரிக்காவில் 1835இல் அறுகோணி மாதிரியை வெளியிட்ட 'கோடீஸ் லேடீஸ் புக்' மத்தியதர வர்க்கப் பெண்களுக்கான சஞ்சிகையாகும். கால் அங்குல ஓரம் மடிக்கும்போது, மேற்கூறிய அளவுள்ள அறுகோணிக்கு வெட்டிய துணியில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கு பின்புறம் மறைந்துவிடுகிறது என்பதும் கருதத்தக்கது. ஆலைப் பருத்தித்துணி மலிவான பின்னரே இவ்வேலை எளியோர் இல்லங்களிலும் பரவிற்று. அம்மலிவின் பின்னணியில் அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களின் அடிமை உழைப்பும் லங்காஷயர் ஆலைத் தொழிலாளரின் உழைப்பும் இருந்தன என்பதை மறத்தலாகாது.

முடிவுறாத போர்வைகளில் எஞ்சிய கடதாசிகளோ வரலாற்றுச் சான்றுகள். பழைய கடிதங்கள், கணக்கேடுகள், பத்திரிகைகள், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்கள் என்பவற்றிலிருந்து அவை வெட்டப்பட்டன. தம் வரலாற்றை எழுதும் வாய்ப்புப் பெறாதோரின் அன்றாட வாழ்வை ஆய்வாளர் அவற்றினூடாக அறிகின்றனர்.

எழுத்தாளர் லூசி பொஸ்ரன் (1892–1990) வாழ்வும் இங்கு நோக்கத்தக்கது. ஹெமிங்ஃபோர்ட் கிறேயிலுள்ள தமது பழைய மாளிகையில் கோடையில் தோட்டத்தையும் குளிர்காலத்தில் தையலையும் அவர் முதுமைவரை பேணினார். நீண்ட அறுகோணிகளால் அமைந்த அவரது சிலுவைக் கோலம் இன்றும் பலராற் பின்பற்றப்படுகிறது. எனினும், சிறுவர் நாவலுக்காக 1961ஆம் ஆண்டின் கார்னகி பதக்கம் பெற்ற அவரது தையல்கள் தனி நூலுக்குப் பொருளானது 1995இலேயே.

1971இல் நியூயோர்க்கின் விற்னி நூதனசாலை இத்தகைய போர்வைகளை அரூப ஓவியங்கள்போற் சுவரில் தொங்கவிட்டது. அவற்றைக் கலையென ஏற்றோர் ஆக்கிய பெண்களை மறந்தனர் என்ற கண்டனத்தை 1973இல் பற்றீசியா மெயினார்டி எழுப்பினார். அக்கண்டனம் இன்றும் பொருத்தமானதே. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லால் கணக்கிலிருந்து நீக்கப்பட்ட உழைப்பை மீண்டும் கணக்கிற் சேர்க்காமல், இக்கலையின் வரலாற்றை முழுமையாக எழுதுதல் இயலாது.