அடுப்பங்கரைக்கு வந்த கணினிக்காரர்

ஹோட்டல் முதலாளி வியாபார ஆலோசனைக்கு உட்காரும்போது முன்பெல்லாம் யாரை அருகில் வைத்துக்கொள்வார்? சரக்கு மாஸ்டர், கணக்கப்பிள்ளை, மிஞ்சினால் கடைக்கு இடம் பேசி முடிப்பவர். அமெரிக்காவின் பெரிய போஜனசாலைகளில் இப்போது இந்த வரிசையில் இன்னொருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெங்காயம் நறுக்கத் தெரியவேண்டுமென்பதில்லை. கணினி தெரிந்தால் போதும் என்கிறார்கள். போதாது என்பதே நமது அபிப்பிராயம்.

ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளில் நடந்ததைப் பாருங்கள். வீட்டிலிருந்தே செல்போன் மூலம் காப்பிக்குச் சொல்லிப் பணமும் கட்டிவிடும் வசதியை, 2014 இறுதியில் போர்ட்லாண்டு நகரிலும் மறு வருஷம் அமெரிக்கா முழுவதிலும் அந்த ஸ்தாபனம் ஏற்படுத்தியது. ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பிடித்ததே வினையாக முடிந்தது! கல்லாவின் முன்னால் நின்ற கூட்டம், காப்பி வாங்கும் மேஜையருகே போய் நெருக்கியடித்தது. நெரிசலைக் கண்டு சிலர் வாங்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்று 2017 தொடக்கத்தில் ஸ்தாபனமே ஒப்புக்கொண்டது. காப்பி கேட்பதற்கு வழிகள் எத்தனை பெருகினால் என்ன, கலக்குகிறவருக்குக் கை இரண்டுதானே?

அந்த ஸ்டார்பக்ஸில் தொழில்நுட்பத் தலைவராயிருந்த கர்ட் கார்னர் என்பவர், 2015 இறுதியில் சிபோட்லே என்னும் போஜனசாலைக்கு வந்து சேர்ந்தார். 1993-ல் டென்வர் நகரில் ஸ்டீவ் எல்ஸ் என்ற சமையற்காரர் தொடங்கிய ஒரே கடை, அதற்குள் 2,000 கடைகளாகப் பெருகியிருந்தது. கோதுமை ரொட்டிக்குள் சோறும் பீன்ஸும் இறைச்சியும் வைத்து மெக்ஸிகோ பாணியில் சுருட்டித் தருவார்கள். வாடிக்கைக்காரர் மேஜையோரமாக நடந்துகொண்டே, "இது கொஞ்சம், அது கொஞ்சம்" என்று கைகாட்டுவார். சிப்பந்தி அள்ளி வைப்பார்.

கார்னர் வந்த வேளை நல்ல வேளையல்ல. அவ்வருஷம் அங்கே சாப்பிட்ட பலருக்கு ஈ-கோலி கிருமியால் நோய் கண்டது. 2016-ன் முதல் மூன்று மாதங்களில், ஏற்கெனவே நடந்துவந்த கடைகளின் விற்பனை நூற்றுக்கு 29.7 வீதம் விழுந்தது. ஆள் நுழையாத கடைக்குக் கணினி எதற்கு என்று எவரும் கேட்டிருக்கலாம்.

செல்போனில் வரும் ஆர்டர்களை முன்பக்கத்து மேஜையிலேயே செய்தால், நேரில் நிற்பவர் பொறுமையிழப்பார். ஆகவே பின்கட்டில், வாடிக்கைக்காரர் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது மேஜை ஒன்றைச் சீர்படுத்தினார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் எதெதை வைப்பது என்பதை அங்குள்ள திரையே சிப்பந்திக்குக் காட்டும். எந்த நேரத்துக்கு உணவு தயாராகும் என்று வாடிக்கைக்காரருக்குச் சொல்லும் முறையையும் திருத்தினார்கள். சமையற்கட்டின் சக்திக்கு உட்பட்ட வாக்கைத்தான் யந்திரம் கொடுக்க வேண்டும். யந்திரத்தைவிட இந்த அடக்கமே பெரிய யுக்தி என்று நமக்குத் தோன்றுகிறது.

இடையில் சறுக்கலும் உண்டு. 2017-ல் பணம் வாங்கும் யந்திரங்களில் திருட்டு நிரல் ஒன்று புகுந்து, வாடிக்கைக்காரர்களின் அட்டை விவரங்களைக் கவர்ந்துவிட்டது.

பிறகு கொரோனா வந்தது. 2019-ல் மொத்த விற்பனையில் நூற்றுக்கு 18 பங்குதான் கணினி வழியே வந்தது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை அது 60-க்கு மேல் சென்றது. சாப்பாட்டுக் கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பின்கட்டு மேஜைதான் அடுப்பை அணையாமல் காத்தது. பின்னாளில் வியாபார யுக்தியும் தொழில்நுட்பமும் கார்னர் ஒருவரது பதவியிலேயே ஒன்றாகச் சேர்க்கப்பட்டன.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. பரிமாறும் அளவு குறைந்துவிட்டதென்று 2024-ல் ஜனங்களிடையே பெருங்கூச்சல் எழுந்தது. அளவைக் குறைக்க உத்தரவே இல்லை என்றது ஸ்தாபனம். ஆயினும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கடைகளில் அளவு ஒழுங்காயில்லை என்று கண்டு, அங்குள்ள சிப்பந்திகளுக்கு மறுபடியும் பயிற்சியளிக்க முற்பட்டது. முன்பக்கத்து மேஜையில் நிற்பவராவது, "இன்னும் ஒரு கரண்டி போடப்பா" என்று வாய்விட்டுக் கேட்கலாம். செல்போனில் சொன்னவருக்கோ, கரண்டி நிறைந்ததா குறைந்ததா என்பது வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் தெரியும்.