மட்பாண்டத்தில் வைத்த உறுதி

எருசலேம் பாபிலோனியரின் முற்றுகையில் சிக்கியிருந்த வேளை அது. இறைவாக்கினர் எரேமியாவோ காவலில் இருந்தார். அந்நிலையிலும் அவர் அனத்தோத்தில் ஒரு நிலத்தை விலைகொடுத்து வாங்குகின்றார். உறுதி எழுதி முத்திரையிட்டு, நெடுநாள் கெடாதிருக்க அதனை மட்பாண்டத்தில் வைக்குமாறு பாரூக்கிடம் கட்டளையிடுகின்றார் (எரே. 32). பகைவர் கைக்குப் போகவிருக்கும் நிலத்துக்கு உறுதி எதற்கு? இக்கேள்வியை எம் மக்களிடம் கேட்க வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தைவிட்டு மழையில் நடந்து, சாவகச்சேரி, கொடிகாமம் என்று வந்து சேர்ந்தோர் பலரின் பைகளில் காணி உறுதி இருந்தது.

ஆனால் கோவில் ஏடுகள் எல்லாம் அவ்வாறு வந்து சேரவில்லை. கொடிகாமத்தில் நான் சந்தித்த முதியவர் ஒருவர் தம் தந்தையின் திருமுழுக்கு நாளை அறிய விரும்பினார். அவரது சொந்தப் பங்கின் பழைய ஏடு கிடைக்கவில்லை. “எங்கட ஐயா பிறக்கவேயில்லைப் போல கிடக்கு, சுவாமி” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, புனித யோசப் வாஸ் அடிகளை நாம் அறிந்திருப்பது எவ்வாறு? ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கு இடமிருக்கவில்லை. அவர்களுடைய ஏடுகளை மட்டும் நம்பினால், அன்றைய யாழ்ப்பாணத்தவர் பல்லாயிரவர் சீர்திருத்த சபையினரே! 1687இல் கூலியாள் கோலத்தில் வந்து, சில்லாலை மக்களின் ஆதரவில் மறைந்து பணியாற்றிய குருவின் உள்ளத்தை அவ்வேடுகளில் காண இயலாது. அதனைக் காட்டுபவை, அவரும் அவருடைய தோழர்களும் கோவாவிலிருந்த தம் ஒறற்றோரியன் இல்லத்துக்கு எழுதிய கடிதங்களே. அவ்வில்லத்தார் அவற்றைப் பேணினர். பேணியதோடு நில்லாமல் பயன்படுத்தவும் செய்தனர். அச்சபையைச் சேர்ந்த செபஸ்தியான் தோ றேகோ எழுதிய வாஸ் அடிகளின் வரலாறு 1745இல் லிஸ்பனில் அச்சேறியது.

1835இல் போர்த்துக்கல் அரசு அவ்வில்லத்தை மூடியது. இன்று பழைய கோவாவில் எஞ்சியிருப்பது இடிபாடு. எனினும் கடிதங்கள் பல தப்பின. இயேசு சபைக் குரு எஸ். ஜீ. பெரேரா அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1936இல் வெளியிட்டார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் வாஸ் அடிகள் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அதற்கு முன்னைய நீண்ட ஆய்வில் இக்கடிதங்களும் சாட்சி கூறியிருந்தன. கட்டடம் போயிற்று, கடதாசி நின்றது.

எம் பங்குகளிலும் துறவற இல்லங்களிலும் ஏடுகள் அலுமாரிகளில் பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு ஒருவரிடம், கறையான் உள்ளே. பழைய ஏட்டைச் சுவரோடும் நிலத்தோடும் ஒட்டாமல் வைப்பதற்கும், பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு பிரதியை வேறோர் ஊரில் வைப்பதற்கும் பெரும் பணம் தேவையில்லை. தேடி வருபவரைச் சலிப்போடு திருப்பி அனுப்பாதிருக்கச் சற்றுப் பொறுமையும் வேண்டும். (அப்பொறுமை எனக்கும் எப்போதும் வாய்ப்பதில்லை.)

சில மாதங்களின் பின், வேறொரு பங்கின் ஏட்டில் அம்முதியவரின் தந்தையின் பெயர் அகப்பட்டது. யாரோ ஒரு குழந்தைக்கு அவர் ஞானத்தந்தையாக நின்றிருக்கிறார். கையொப்பம் இடத் தெரியாதவர் போலும். பெயருக்கு அருகே மையினால் ஒரு சிறு சிலுவை. அதைப் படமெடுத்து மகனிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.